ஷோரூம் சொல்லும் நான்கு லட்ச வித்தியாசம்

கேள்வி: திருச்சியில் தனியார் வேலை, வயது 41. ஆபீஸ் போய்வர தினமும் 36 கி.மீ. மாதம் ஒருமுறை சென்னையில் இருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்கப் போவேன். இப்போதுள்ள பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கி.மீ. கொடுக்கிறது. எலெக்ட்ரிக் காருக்கு மாற நினைக்கிறேன். எம்ஜி விண்ட்சர் பேட்டரி வாடகைத் திட்டத்தில் 9.99 லட்சம், டாடா நெக்ஸான் இவி 45 வாங்கினால் 13.99 லட்சம் என்று குறித்து வைத்திருக்கிறேன். நெக்ஸான் சீக்கிரம் சார்ஜ் ஆகும், தூரமும் அதிகம் போகும் என்கிறார்கள். அதற்காக 4 லட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா? கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்கிறார் விற்பனையாளர். அது சரியா?

பதில்: வரிச் சலுகையை முதலில் முடித்துவிடுவோம். 80இஇபி பிரிவில் கிடைத்த அந்தச் சலுகை, 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான். உங்களுக்குக் கிடைக்காது. அதை மனதில் வைத்து எந்தக் கணக்கும் போடாதீர்கள்.

அடுத்து தூரம். விண்ட்சரில் 38 யூனிட் பேட்டரி, கம்பெனி சொல்லும் தூரம் 332 கி.மீ. நெக்ஸானில் 46 யூனிட், 489 கி.மீ. இவை சோதனைக்கூடத்துக் கணக்கு. நெக்ஸான் 45 நடைமுறையில் 350 முதல் 370 கி.மீ. போகும் என்று டாடாவே தனியாகச் சொல்கிறது. நான்கு வழிச்சாலையில் ஏசி போட்டு 90, 100 வேகத்தில் போனால் யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. என்று வைப்பதுதான் பாதுகாப்பு. அப்படிப் பார்த்தால் விண்ட்சர் சுமார் 245, நெக்ஸான் சுமார் 300. திருச்சியிலிருந்து சென்னை ஏறக்குறைய 330 கி.மீ. ஆக, எந்தக் காரில் போனாலும் வழியில் ஒருமுறை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்பதுதான் கேள்வி. விளம்பரத்தில் நெக்ஸானுக்கு 10-லிருந்து 80 சதவீதம் 40 நிமிடம், விண்ட்சருக்கு 0-லிருந்து 80 சதவீதம் 55 நிமிடம் என்று இருக்கும். தொடங்கும் இடமே வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. யூனிட்டாக மாற்றிப் பாருங்கள். வேகமான டிசி சார்ஜரில் 10 நிமிடத்தில் நெக்ஸானுக்கு சுமார் 8 யூனிட் ஏறும், அதாவது 52 கி.மீ. விண்ட்சருக்கு ஐந்தரை யூனிட், 36 கி.மீ. 15 சதவீதம் மிச்சத்தோடு சென்னை சேர வேண்டுமானால், விழுப்புரம் பக்கம் நெக்ஸானை 15 நிமிடமும் விண்ட்சரை 35 நிமிடமும் போட வேண்டியிருக்கும். வித்தியாசம் 20 நிமிடம். காபி குடித்து, கால் நீட்டி நடந்தால் போய்விடும். மாதம் ஒரு பயணத்துக்கு இதை நான் பெரிய குறையாக எண்ண மாட்டேன். ஊரில் ஓட்டும் 36 கி.மீ.க்கு சார்ஜ் வேகம் தேவையே இல்லை. வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் இரண்டு மணி நேரம் சொருகினால் போதும்.

உங்கள் பணம் போகும் இடம் வேறு. 9.99 லட்சத்தில் பேட்டரி விலை இல்லை. 2024 செப்டம்பரில் அந்தத் திட்டம் வந்தபோது கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் பேட்டரி வாடகை. 25 நாள் ஆபீஸ், ஒரு சென்னைப் பயணம் என்று மாதம் நீங்கள் ஓட்டுவது சுமார் 1,560 கி.மீ. வாடகை மட்டும் 5,460 ரூபாய். மின்சாரச் செலவு தனி.

அந்த மின்சாரச் செலவையும் குறைத்து எடைபோடாதீர்கள். வீட்டில் இப்போது இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் வந்தால் 760 யூனிட் பக்கம் போய்விடும். 2024 ஜூலை கட்டணப்படி 500-க்கு மேல் யூனிட் 8.55 ரூபாய், 600-க்கு மேல் 9.65 ரூபாய். 500-ஐத் தாண்டினால் முதல் யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகையும் குறையும். அதையும் வழியில் போடும் சார்ஜையும் (யூனிட் 22 ரூபாய் என்று எடுத்திருக்கிறேன்) சேர்த்தால் மாதம் சுமார் 2,700 ரூபாய் வரும்.

இப்போதுள்ள காருக்கு, பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால், மாதம் சுமார் 11,250 செலவாகிறது. வாடகைத் திட்டத்தில் 8,160 ஆகும், மிச்சம் 3,000 சொச்சம்தான். பேட்டரியோடு வாங்கினால் ஓட்டும் செலவில் 8,500 மிச்சம்.

பேட்டரியோடு விண்ட்சரின் அறிமுக விலை 13.50 லட்சம். வாடகைத் திட்டத்தைவிட 3.5 லட்சம் அதிகம். அதை 9 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக எடுத்தால் தவணை சுமார் 7,265. வாடகையைவிட மாதம் 1,800 கூடுதல், உண்மைதான். ஆனால் ஐந்து வருடத்தில் அது முடிந்து பேட்டரி உங்களுடையதாகிவிடும். கார்களைப் பத்து வருடம் வைத்து ஓட்டுகிற நம் வீடுகளுக்கு இதுதான் சரி. மாதம் 500, 600 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவர் என்றால் நானே வாடகையை யோசிக்கச் சொல்வேன், அதுவும் குறைந்தபட்ச கி.மீ. கட்டணம் எதுவும் இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தால்.

அப்படியானால் உண்மையான போட்டி 13.50-க்கும் 13.99-க்கும். வித்தியாசம் 4 லட்சம் இல்லை, 49,000 ரூபாய். அந்த 49,000-க்கு 8 யூனிட் பெரிய பேட்டரியும் அரைவாசி நேரத்துக்கும் குறைவான நிறுத்தமும் கிடைக்கிறது என்றால் நான் நெக்ஸானைத்தான் எடுப்பேன். அப்பா அம்மாவை அடிக்கடி பின்சீட்டில் கூட்டிப்போக வேண்டும், அவர்களுக்கு முட்டிவலி என்றால் மட்டும் விண்ட்சர். அதன் பின்பக்க இடவசதி நன்றாக இருக்கும். இந்த விலைகள் 2024 செப்டம்பர் அறிமுக விலைகள். ஷோரூமில் இன்றைய ஆன்ரோடு விலையையும் வாடகை விகிதத்தையும் எழுதி வாங்கி, இதே கணக்கில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டு கார்களுக்கும் இடையே வித்தியாசம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் விண்ட்சரை பேட்டரியோடு வாங்குங்கள், அந்த 20 நிமிடத்துக்கு அவ்வளவு விலை வேண்டாம்.