கடுவனுக்கு முதலில் தண்ணீர்

கேள்வி: அக்கா, எங்கள் கடுவன் பூனை சிண்டுவுக்கு நாலு வயது, கருத்தடை செய்தவன், நாலு கிலோ இருப்பான். போன மாதம் சிறுநீர் அடைத்துக்கொண்டு, ட்யூப் போட்டு எடுத்தார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான், என் சம்பளத்தில் பாதி போய்விட்டது. இனிமேல் சிறுநீர்ப் பிரச்சினைக்கென்று இருக்கும் ட்ரை ஃபுட்தான் போட வேண்டும் என்கிறார் டாக்டர். அதன் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. சாதாரண ட்ரை ஃபுட், கொஞ்சம் மீன்சோறு என்று ஓட்ட முடியாதா? வாழைத்தண்டு சாறு கொடு என்கிறார் மாமியார்.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: வாழைத்தண்டு சாறு வேண்டவே வேண்டாம் தங்கச்சி. மனிதர்களின் கல்லுக்கு நம் வீடுகளில் கொடுப்பதுதான், மாமியார் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் பூனைக்கு அது மருந்து இல்லை. எலுமிச்சை, வினிகர் எதையும் முயற்சி செய்யாதீர்கள். வலிக்குதே என்று பாராசிட்டமால் மட்டும் தப்பித்தவறியும் கொடுத்துவிடாதீர்கள், அது பூனையைக் கொன்றுவிடும்.

அடுத்து, சிண்டுவின் சிறுநீரில் படிகம், அதாவது பொடிக்கல், இருந்ததா, இருந்தால் எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள். பூனைகளுக்கு அதிகம் வருவது ஸ்ட்ருவைட், கால்சியம் ஆக்ஸலேட் என்று இரண்டு வகை. ஸ்ட்ருவைட் என்றால் அந்த மருத்துவ உணவு அதைக் கரைத்தே விடும், ஆக்ஸலேட் எந்த உணவுக்கும் கரையாது. சில பூனைகளுக்குப் படிகமே இருக்காது, வீடு மாறியது, புதுப் பூனை வந்தது என்று மிரட்சியிலேயே சிறுநீர்ப்பை புண்ணாகிவிடும். அதனால் எத்தனை வாரம் கட்டாயமாக அந்த உணவு வேண்டும், அதற்கப்புறம் எதற்கு மாறலாம், என்னால் மாதம் இவ்வளவுதான் முடியும் என்று கூச்சப்படாமல் பேசிவிடுங்கள். சொன்னால்தான் அவரும் வழி யோசிப்பார்.

சரி, காசு அதிகம் ஆகாத பெரிய மருந்து தண்ணீர். பூனையின் மூதாதை பாலைவனத்துக் காட்டுப்பூனை, இரையின் உடம்பிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொண்டு வாழ்ந்தது, அதனால் இவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு, உணவில் இருப்பதையும் சேர்த்து, கிட்டத்தட்ட 200 மில்லி தண்ணீர் போக வேண்டும். ட்ரை ஃபுட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஈரம் இருக்காது, ஒரு நாள் பங்கு 55 கிராம் என்றால் அதில் இருப்பது ஒரு டீஸ்பூன் தண்ணீர்தான். ஈர உணவு வரும் 85 கிராம் பௌச் ஒன்றில் 65 மில்லிக்கு மேல் இருக்கும். தினமும் இரண்டு மூன்று பௌச் வாங்க நம்மால் முடியாது, ஆனால் ட்ரை ஃபுட்டை ஊற வைக்க முடியும். டாக்டர் எழுதிய உணவையே ஊற வைக்கலாம். முதல் நாள் ஒரு வேளைக்கு இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள், வாசனை எழும்பும், பழகியதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நாளுக்கு 100 மில்லி வரை கொண்டுபோகலாம். நம் ஊர் வெயிலுக்கு ஊறினது சீக்கிரம் கெட்டுப்போகும், ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

மருத்துவ உணவு முடிந்து சாதாரண உணவுக்கு மாறினால், வளர்ந்த பூனைக்கான முழுமையான உணவு என்று பையில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கி, அதையும் இப்படியே ஊற வையுங்கள். கையில் காசு இருக்கும் வாரத்தில், ஒன்றுவிட்டு ஒரு நாள் பௌச் கொடுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறியை அந்தத் தண்ணீரோடு சேர்த்தே கொடுக்கலாம், பூனையின் இதயத்துக்கு வேண்டிய டாரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும், கொட்டிவிடாதீர்கள். ஆனால் இப்படிச் சேர்ப்பது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, மருத்துவ உணவில் இருக்கும்போது டாக்டரைக் கேட்காமல் எதையும் கலக்கவே கூடாது. மீன்சோறே முழுச் சாப்பாடாக வேண்டாம். சோறு வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான், அவன் உடம்பு கேட்பது இறைச்சி. பச்சை மீன் சில வகை பி1 சத்தை அழித்துவிடும், கருவாட்டில் உப்பு. இன்னொன்று, கருத்தடை செய்த கடுவன் சீக்கிரம் குண்டாவான், குண்டானால் இந்தத் தொல்லையும் கூடும், அதனால் அளந்து போடுங்கள்.

தண்ணீர்க் கிண்ணம் வாய் அகலமாக, மணல் தட்டிலிருந்து தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். அப்போதுதான் எவ்வளவு போகிறான் என்பதும் உங்கள் கண்ணில் படும்.

அதைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், எங்கள் வீட்டுக் கடுவன் ஒருவன் தட்டில் குந்திக் குந்தி முக்கியதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ராத்திரி விட்டுவிட்டோம். விடியும்போது வாந்தி, உடம்பு சில்லிட்டுவிட்டது, காப்பாற்ற முடியவில்லை. சிறுநீர் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடும். அடிக்கடி தட்டுக்குப் போய்ச் சொட்டுக்கூட வராமல் இருந்தால், அங்கேயே நக்கிக்கொண்டு கத்தினால், அந்த நேரமே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அரசு கால்நடை மருத்துவமனையில் செலவு குறைவு. ராத்திரியில் பார்ப்பார்களா, இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று இன்றைக்கே விசாரித்து நம்பரை எழுதி வையுங்கள்.