கோட் (கட்டுமான விதிநூல்) கேட்பதைக் கொடுத்துவிட்டால் பொறியாளரின் பொறுப்பு முடிந்துவிடுமா?

கேள்வி: ஆலோசனை நிறுவனம் ஒன்றில் சிவில் பொறியாளராக இருக்கிறேன். இப்போது ஒரு மருத்துவமனை வளாகத்துக்கு மழைநீர் வடிகால் வடிவமைக்கிறேன். கையில் இருக்கும் மழைத் தரவு 1990-களோடு நின்றுபோனது. 'கோட் கேட்பதைக் கொடு, பருவநிலை மாற்றத்தையெல்லாம் இதற்குள் இழுக்காதே' என்கிறார் என் மேலாளர். செலவு கூடினால் வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதும் உண்மை. விதிப்படி நான் செய்வது சரிதான். அத்தோடு என் பொறுப்பு முடிந்துவிடுகிறதா?

பதில்: முடியவில்லை. இந்தக் கேள்வி உங்கள் மனதில் எழுந்ததே நல்ல விஷயம்.

கோட் 'இதற்குக் கீழே போகாதே' என்று சொல்கிறதே தவிர, 'இது போதும்' என்று எந்த இடத்துக்கும் உறுதி தருவதில்லை. அதை எழுதிய குழு அன்றிருந்த தரவை வைத்து எழுதியது. நீங்கள் கட்டப்போவதோ இனி வரும் 50 ஆண்டுகளின் மழையைத் தாங்க வேண்டியது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால், அதில் இருக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழை வலுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வடிகாலைச் சோதிப்பதும் அந்த மழைதான்; ஆண்டின் மொத்த மழை அல்ல.

வாடிக்கையாளரிடம் 'பருவநிலை மாற்றம்' என்று தொடங்காமல் வாய்ப்புக் கணக்கில் தொடங்குங்கள். '100 ஆண்டு மழை' என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒவ்வோர் ஆண்டும் வர 1 சதவீத வாய்ப்புள்ள மழை. 50 ஆண்டுகளில் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம். மழை வலுத்து, அதே அளவு மழை '50 ஆண்டு மழை' ஆகிவிட்டால் அந்த வாய்ப்பு சுமார் 64 சதவீதம். பணம் போடுகிறவருக்கு இந்த இரண்டு எண்களும் உடனே புரியும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் வானிலைத் துறையிடம் புதிய தரவு கேளுங்கள். கிடைக்காவிட்டால், இப்போதுள்ள வடிவமைப்பையே மழைச்செறிவை (ஒரு மணி நேரத்தில் பெய்யும் அளவை) 10, 20, 30 சதவீதம் கூட்டி மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முழு அமைப்பும் தோற்காது. ஒரு சிறுபாலத்திலோ, இரண்டு குழாய்கள் சேரும் இடத்திலோதான் நெரிசல் வரும். வரைபட நிலையில் அதை மட்டும் பெரிதாக்க ஆகும் செலவு, நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது.

அதைவிட முக்கியம், வடிகால் நிரம்பி வழியும் நாளில் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது. எந்த வடிகாலும் ஒருநாள் வழியத்தான் செய்யும். வழியும் நீர் திறந்த வெளிக்குப் போகிறதா, அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்குப் போகிறதா? 2012-இல் சாண்டி புயல் தாக்கியபோது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் அவசர ஜெனரேட்டர்கள் 13-வது மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு எரிபொருள் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்ததால் மூழ்கிவிட்டன. ஊழியர்கள் படிக்கட்டில் எரிபொருளைச் சுமந்து ஏற்றினார்கள். கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. உங்கள் வளாகத்திலும் மின் பொறியாளரோடு உட்கார்ந்து, நீர் புகக்கூடிய மட்டத்துக்குக் கீழே எதெல்லாம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அது வடிகால் பொறியாளரின் வேலை இல்லை என்று யாராவது சொல்லலாம். வெள்ள மட்டத்தைக் கணக்கிடுபவர் நீங்கள்தான். நீங்கள் சொல்லாவிட்டால் மின் பொறியாளருக்குத் தெரிய வழியில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பயத்தில் எல்லாக் குழாயையும் பெரிதாக்கினால் கான்கிரீட் கூடும். மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் சிதைவதிலிருந்தே வருவதால், சூளையின் எரிபொருளை மாற்றினால் மட்டும் தீராது. ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்), இரும்பு உலைக் கசடு கலந்த சிமென்ட் உதவும். கான்கிரீட்டையே குறைப்பது இன்னும் நல்லது; தளம் போடும் பரப்பு குறைந்தால் வடிகாலுக்கு வரும் நீரும் குறையும். தளம் போட்ட இடத்தில் விழும் மழையில் பத்தில் ஒன்பது பங்குவரை ஓடிவிடும்; சரிவில்லாத மணற்பாங்கான புல்தரையில் ஓடுவது பத்தில் ஒரு பங்குதான். நாள்கணக்கில் பெய்து மண் ஊறிவிட்டால் இந்தக் கணக்கு மாறும் என்பதால், நீரைத் தேக்கிவைக்க ஒரு தாழ்வான திடலும் ஒதுக்குங்கள்.

மேலாளரை எதிர்த்து நிற்கச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லாமல் குழாயைப் பெரிதாக்குவதும் தவறு, பணம் வாடிக்கையாளருடையது. ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்: தரவு எந்த ஆண்டோடு நிற்கிறது, மழை 20 சதவீதம் கூடினால் எங்கே வழியும், மாற்றுவழிக்கு என்ன செலவு, முடிவெடுக்க வேண்டியவர் யார். அடுத்த வடிவமைப்புக் கூட்டத்துக்கு முன்பே, தேதி போட்டு, மேலாளர் வழியாக அனுப்புங்கள். அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் 2020-இல் மாற்றியமைத்த நெறிமுறையில் சமுதாயத்தை முதலிலும், இயற்கைச் சூழலையும் கட்டப்பட்ட சூழலையும் அடுத்தும் வைத்திருக்கிறது. வாடிக்கையாளரும் முதலாளியும் அதற்குப் பிறகுதான். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், மேலாளரோடு பேச இது ஒரு நல்ல பிடிமானம்.

எல்லாம் தெரிந்தபின் வாகன நிறுத்துமிடத்தில் தண்ணீர் நிற்பதை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால், அது அவர் முடிவு. தீவிர சிகிச்சைப் பிரிவின் மின்சாரம் நீர் புகும் மட்டத்தில் இருந்து, மாற்றவும் மறுத்தால், அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் போடவில்லை என்பதை நிறுவனத்தின் மூத்தவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். அவர்களும் அசையாவிட்டால், உங்களுக்கு உரிமம் தந்த அமைப்பிடம் கொண்டுபோங்கள்.