பசுமை இல்லத் தக்காளி பூத்தும் காய்க்காதது ஏன்?

கொழும்புப் பக்கம் பொலித்தீன் கூடாரத்தில் தக்காளி வளர்த்து விற்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. தக்காளிப் பூவின் மகரந்தம் பெரும்பாலும் அதே பூவின் சூல்முடியில் (பூ நடுவே நிற்கும் தண்டின் நுனியில்) விழுந்துதான் காய் பிடிக்கும். இதுதான் மகரந்தச் சேர்க்கை. வெளியே காற்று ஆட்டிவிடும். கூடாரத்துக்குள் யார் ஆட்டுவது? போதாததற்கு நம் ஊர்ப் புழுக்கம். மழை நாளில் உப்புப் போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள், கட்டிபட்டு ஒரு துகளும் விழாது. மகரந்தமும் அப்படித்தான்.

காலை 10 மணிபோல, ஈரம் காய்ந்ததும், செடி கட்டிய கயிற்றைத் தட்டிவிடுங்கள். இரவிலும் 24 பாகைக்கு மேல் வெப்பம் நின்றால் தட்டியும் பலன் குறைவு. குளிர்ந்த மலைநாட்டு நுவரெலியாக்காரருக்கு அந்தக் கவலை இல்லை; பேலியகொடை மொத்தச் சந்தையில் போட்டியோ அவர்களோடுதான்!

அப்புறம், உரம் போதாமல்தான் பூ உதிர்கிறது என்று சிலர் யூரியாவை அள்ளிப் போடுவார்கள். அது இலையைத்தான் கொழுக்க வைக்கும்.