சான்றிதழை மருந்துக்கடைக்குக் கொடுத்துவிட்டேன், எப்படி விலகுவது?

கேள்வி: டி.பார்ம் என்ற மருந்தியல் பட்டயப் படிப்பை முடித்து 2021இல் மருந்தாளுநராகப் பதிவு செய்தேன். மருந்துக்கடைகளில் கேட்ட சம்பளம் கிடைக்காததால் வேறு துறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ஒரு தரகர் மூலம் வெளியூர்க் கடை ஒன்றுக்கு என் பதிவுச் சான்றிதழைக் கொடுத்து, மாதந்தோறும் ஒரு தொகை வாங்கி வருகிறேன். அந்தக் கடைக்கு இருமுறைதான் போயிருக்கிறேன். இப்போது பயமாக இருக்கிறது. அசல் சான்றிதழும் அவர்களிடம்தான் உள்ளது. என்ன செய்வது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. உடனே விலகிவிடுங்கள், அதையும் வாய்ச்சொல்லாக அல்லாமல் எழுத்தில் செய்யுங்கள்.

மருத்துவர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவுபெற்ற மருந்தாளுநரின் கையாலோ, அவருடைய நேரடிக் கண்காணிப்பிலோதான் நடக்க வேண்டும் என்று 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆவது விதி சொல்கிறது. பணிக்குப் போகாத கடையில் தன் பதிவுச் சான்றிதழை வைத்திருப்பது தொழில் ஒழுங்கீனம் என்று 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் தொழில்முறை ஒழுங்குமுறைகள் வெளிப்படையாகவே கூறுகின்றன. அது உறுதியானால், விளக்கம் கேட்டபின், மருந்தாளுநர்களைப் பதிவு செய்யும் மாநில பார்மசி கவுன்சில் உங்கள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க முடியும். கடைக்காரருக்குப் போவது உரிமம். உங்களுக்குப் போவது படித்த படிப்பே.

இதில் காகிதத்தைத் தாண்டிய ஆபத்தும் உண்டு. செஃபிக்ஸிம், ரிஃபாம்பிசின், அல்பிரசோலம் போன்றவை எச்1 அட்டவணை மருந்துகள், அதாவது விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடு உள்ளவை. அவற்றை விற்கும்போது நோயாளியின் பெயர், மருத்துவர் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு கடையின் எச்1 பதிவேட்டைப் புரட்டினேன். பெயர் கொடுத்திருந்த பெண் மருந்தாளுநர் பிரசவத்துக்காகத் தாய் வீட்டில் இருந்த மூன்று மாதங்களிலும், ஞாயிற்றுக்கிழமைகள் உட்பட ஒரு நாள் விடாமல், அதே நீல மையில் அவருடைய கையெழுத்து இருந்தது. போட்டவன் கல்லாவில் நின்ற பையன். தவறான மருந்து போய் யாருக்காவது பாதிப்பு ஏற்பட்டிருந்தால், முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் தாய்தான். உங்கள் பெயரில் இன்று யார் கையெழுத்திடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

செய்ய வேண்டியது இதுதான். இன்ன தேதியிலிருந்து அந்தக் கடையின் மருந்தாளுநராக நான் இல்லை என்று கடை உரிமையாளருக்கு ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள். அதன் நகலை அந்தப் பகுதிக்கு உரிமம் வழங்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும், நீங்கள் பதிவு செய்த கவுன்சிலுக்கும் அனுப்புங்கள். அன்றுவரை கடையில் வேலை பார்த்ததாகப் பொய்யாக எதையும் எழுதிவிடாதீர்கள். கடந்த காலத்தைப் பற்றி எதை எழுதுவதானாலும் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அசலைத் தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கவுன்சிலில் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். புதிய ஆள் கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்ளும்படி உரிமையாளர் கெஞ்சுவார். ஆள் தேடுவது அவருடைய கடமை, உங்களுடையது அல்ல.

தரகரிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். முத்திரைத்தாளிலும் வெற்றுத்தாளிலும் கையெழுத்து வாங்கியிருந்தால், அவற்றையும் திருப்பிக் கேட்டுக் கடிதத்திலேயே எழுதுங்கள். சம்பளக் கணக்கு என்று உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, ஏடிஎம் அட்டையைத் தங்களிடமே வைத்துக்கொள்வதும் இவர்கள் வழக்கம். சம்பளம் போட்டதாகக் கணக்கில் இருக்கும், பணத்தை எடுப்பது அவர்கள். அப்படி ஒரு கணக்கு இருந்தால், இன்றே வங்கிக்குப் போய் அட்டையை முடக்குங்கள்.

“இது மொத்த விற்பனைக் கடைதான், ஆள் இருக்கத் தேவையில்லை” என்றும் தரகர் சொல்வார். பலர் ஏமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். படிவம் 20பி, 21பி ஆகியவற்றில் வழங்கப்படும் மொத்த விற்பனை உரிமத்துக்குப் பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது உண்மை. மருந்து விற்பனையில் ஓராண்டு அனுபவமுள்ள பட்டதாரியோ, நான்காண்டு அனுபவமுள்ள பள்ளியிறுதி தேறியவரோ போதும். ஆனால் விதி தளர்த்துவது தகுதியைத்தான், ஆள் இருப்பதை அல்ல. பொறுப்பாளர் என்று யார் பெயர் உரிமத்தில் இருக்கிறதோ அவர்தான் அங்கே பொறுப்பில் இருக்க வேண்டும். மேலும், மருந்தாளுநர் இல்லாமலே நடத்தக்கூடிய கடைக்கு உங்கள் சான்றிதழைப் பணம் கொடுத்து ஏன் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். உரிம நகலில் படிவ எண்ணைப் பாருங்கள்: 20, 21 என்று இருந்தால் அது சில்லறைக் கடை, தரகர் சொன்னது பொய்.

கேட்ட சம்பளம் கிடைக்கவில்லை என்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லூரிகள் பெருகிவிட்டன என்று சொல்லி 2020–21 முதல் ஐந்தாண்டுகளுக்குப் புதிய பார்மசி கல்லூரிகளுக்கு இந்திய பார்மசி கவுன்சில் 2019இல் தடை விதித்தது. அதை முறையான ஒழுங்குமுறையாக வெளியிடாமல் வெறும் தீர்மானமாக நிறைவேற்றியதால், 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. சரியாகச் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை அரைகுறையாகச் செய்ததன் விலையை உங்களைப் போன்றவர்கள் கொடுக்கிறீர்கள். பிறகு டி.பார்ம் முடித்தவர்கள் மருந்தாளுநராகப் பதிவு செய்யும் முன் தேற வேண்டிய வெளியேறும் தேர்வு வந்தது. மாணவரைத்தான் அது சோதிக்கிறது, ஐந்நூறு மணி நேரப் பயிற்சியை ஏட்டளவில் முடித்துக் கொடுக்கும் கல்லூரியை அல்ல. மருந்துக்கடைகளில் ஆய்வுக்கு வருபவர்களும் சுவரில் மாட்டிய சான்றிதழைத்தான் பார்க்கிறார்கள். அதற்குரிய முகத்தைத் தேடுவதில்லை. இத்தனை பேர் வேலையின்றி இருக்கும்வரை தரகருக்கு ஆள் பஞ்சமே வராது.

நாளை அரசுப் பணியோ வேறு கடையில் நேர்மையான வேலையோ கிடைத்தால், சேரும் முன் பழைய கடையின் உரிமத்திலிருந்து உங்கள் பெயர் நீங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே பெயர் இரண்டு இடங்களில் நிற்கும். எனவே, பெயர் நீக்கப்பட்டதாக மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் எழுத்தில் உறுதி தரும்வரை விடாமல் கேளுங்கள். அந்தக் கடிதத்தையும் தபால் ஒப்புகையையும் ஒன்றாகவே வைத்திருங்கள்.