கொழும்பு வெள்ளவத்தையில் மொட்டைமாடித் தொட்டியில் முந்திரிகை (திராட்சை) வளர்க்கிறேன். மைக்கோரைசா என்ற பங்கசுத் தூளைப் போட்டால் இந்த வெயிலைத் தாங்குமா?

ஓரளவுக்குத் தாங்கும், ஆனால் தூளை மேல்மண்ணில் தூவிவிட்டால் போதாது. இந்தப் பங்கசு வேருக்குள் குடியேறி, வேர் எட்டாத மண்துளைகளுக்குள்ளும் மெல்லிய இழைகளை நீட்டும். அங்கிருந்து பொசுபரசும் கொஞ்சம் நீரும் கொடிக்கு வரும். கூலியாகக் கொடி வெல்லமும் கொழுப்பும் கொடுக்கும். மண் காயும்போது அந்த இழைகள்தான் கைகொடுக்கும். ஆகவே நடும்போதே வேரில் படும்படி போடுங்கள். பொசுபேற்றுப் பசளையை அள்ளிப் போட்டால் கொடிக்குப் பங்கசின் தயவு தேவைப்படாது, உறவு தளர்ந்துவிடும். சில பங்கசு நாசினிகளும் கெடுக்கும். கடையில் டிரைக்கொடெர்மாவைத் தந்துவிடப் போகிறார்கள், அது நோய்ப் பங்கசுகளை அடக்கப் போடும் வேறு ஆள்.

கொழும்பில் எனக்கு வெயிலைவிட ஈரப்பதன்தான் கவலை. மழைக்காலத்தில் இலையில் வரும் பங்கசு நோய்களை மைக்கோரைசா நிறுத்தாது. கத்தரித்துக் காற்றோட்டம் கொடுங்கள். யாழ்ப்பாணத்து வறண்ட தோட்டங்களுக்குத்தான் இது கூடுதலாகப் பொருந்தும்.