கன்று போட்ட மறுநாள் விழுந்த பசு

கேள்வி: எங்கள் ஜேர்சிக் கலப்புப் பசு மூன்றாம் கன்று போட்ட மறுநாள் விழுந்துவிட்டது. காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடந்தது. வைத்தியர் நரம்பில் கல்சியம் ஏற்றியதும் எழும்பியது. இன்று மறுபடி தள்ளாடுகிறது. சினையாக இருந்த கடைசி இரண்டு மாதமும் கடையில் தந்த கல்சியம் டொனிக் ஊற்றினேன். அதைவிட நல்ல டொனிக் எது?
- ஒரு வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: தங்கச்சி, டொனிக்கை விடுங்கள். உடனே வைத்தியரைத் திரும்பக் கூப்பிடுங்கள். கல்சியம் ஏற்றி எழும்பிய மாடு ஓரிரு நாளில் மீண்டும் விழுவது உண்டு. அவர் வரும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தொண்டைத் தசையும் தளர்ந்திருக்கும், ஊற்றியது நுரையீரலுக்குள் போய்விடும். விழுந்தால் நெஞ்சு நிலத்தில் படும்படி நிமிர்த்தி, வைக்கோல் கட்டால் அணைகொடுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்றுங்கள். மடியை ஒட்டக் கறக்க வேண்டாம்.

இரத்தத்தில் கல்சியம் குறைந்து தசை தளரும் இந்த நோய்க்குப் பெயர் பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் போகும்.

சரி, ஏன் விழுந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. மாட்டின் இரத்தத்தில் ஓடும் கல்சியம் ஏறக்குறைய 3 கிராம்தான். கடும்புப் பாலில் லீற்றருக்கு 2 கிராம் அளவில் போகிறது. பத்து லீற்றர் கறந்தால் 20 கிராம்! எலும்பில் கிலோக் கணக்கில் இருக்கிறது, ஆனால் எடுத்துத் தர ஆள் வேண்டுமே. கழுத்தில் தைரொயிட்டை ஒட்டி இருக்கும் சின்னச் சுரப்பிதான் அந்த ஆள். இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் எலும்பைக் கரைக்கச் சொல்லும். சிறுநீரகத்தில் விற்றமின் டி-யை முடுக்கிவிட்டுக் குடலையும் கூடுதலாக உறிஞ்ச வைக்கும். குடல் வேகம் பிடிக்க ஒரு நாள் எடுக்கும், எலும்புக்கு இரண்டு நாள். வயது ஏற ஏற இன்னும் மெதுவாகும்.

நீங்கள் இரண்டு மாதம் ஊற்றிய டொனிக்கால் அந்தச் சுரப்பிக்கு வேலையே இருக்கவில்லை. கன்று போட்ட அன்று திடீரென்று எழுப்பினால் எப்படி எழும்பும்? சினை மாட்டுக்குக் கல்சியம் கொடுத்தால் எலும்பு பலக்கும் என்று விற்கிறவர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. நாகு, சினை மாடு, கறவை மாடு எல்லாவற்றுக்கும் அவர்கள் நீட்டுவது ஒரே போத்தல். உங்களில் பிழை இல்லை, சொல்லித் தந்தவர்களில்தான் பிழை.

அடுத்த சினைக்கு, கடைசி மூன்று வாரமும் டொனிக்கையும் கல்சியம் கலந்த தாது உப்பையும் நிறுத்துங்கள். கிளிசிறிடியா, இப்பில் இப்பில் குழையிலும் கல்சியம் அதிகம், அதையும் குறையுங்கள். எருவும் பொட்டாஷும் அள்ளிப் போட்டு வளர்த்த கோ-3 என்ற தீவனப் புல்லும் வேண்டாம். அதில் ஏறும் பொட்டாசியம் இரத்தத்தைக் காரப்பக்கம் தள்ளும். அப்புறம் சுரப்பி எவ்வளவு கத்தினாலும் எலும்புக்குக் கேட்காது. மேய்ச்சல் புல், வைக்கோல், அளவாகத் தவிடு போதும். கன்று போட்ட அன்றே கல்சியம் தொடங்கலாம், அதுவும் மாடு எழும்பி நின்று ஒழுங்காக விழுங்கினால் மட்டும்.