வாசகர் கேள்வி பதில்: பிரிஜிட் பிறந்த ஊர்ல பிப்ரவரி 1

கேள்வி: நாங்க குடும்பத்தோட டப்ளின்ல இருக்கோம். பிப்ரவரி 1 அயர்லாந்துப் புனிதை பிரிஜிட் திருநாளுக்கு ஆபீஸ்ல எல்லாரும் கில்டேர் போங்க, கில்டேர் போங்கன்னு சொல்றாங்க. ஆனா பிரிஜிட் பிறந்தது வேற ஊராமே? பிள்ளைங்களையும் கூட்டிட்டு எங்க போறது நல்லது?
(வாசகி, டப்ளின்)

பதில்: கில்டேர் அவங்க மடம் கட்டின ஊர், கடைசி வரைக்கும் வாழ்ந்து சுமார் 525-ல இறந்ததும் அங்கதான், அதனால அந்த ஊருக்கு பேர் ஜாஸ்தி. பிறந்த ஊர்னு பரம்பரையா சொல்லி வர்றது லௌத் மாவட்டத்துல டண்டாக் டவுனுக்கு வடக்க கொஞ்ச தூரத்துல இருக்கிற ஃபாகர்ட், பிறந்த காலம் சுமார் 451. என்னைக் கேட்டா யோசிக்காம ஃபாகர்ட் போங்கம்மா. கில்டேர்ல பார்க்க நிறைய இருக்கு, கதீட்ரல் இருக்கு, டவுன் நடுவுல விளக்கு எரியுது, கச்சேரி எல்லாம் நடக்கும். ஃபாகர்ட்ல அப்படி மேடை கீடைன்னு பெருசா எதிர்பார்க்காதீங்க. ஒரு குன்று, ஒரு ஓடை, ஒரு கிணறு, சில கல்லுங்க, அதைச் சுத்தி தலைமுறை தலைமுறையா வந்துட்டு போற ஜனங்க, அவ்வளவுதான், ஆனா திருநாள்னா என்னன்னு பிள்ளைங்களுக்குக் காட்டணும்னா அங்கதான் தெரியும்.

டப்ளின் கான்னலி ஸ்டேஷன்ல ரயில் ஏறினா சுமார் ஒரு மணி நேரத்துல டண்டாக், கார்னா எம்1 ரோடு நேரா போகுது. அங்க பார்க்க வேண்டிய இடம் ரெண்டு. மேல குன்று உச்சியில பழைய இடுகாடு, கூரை இல்லாத சர்ச் சுவர், பக்கத்துலயே படி இறங்கிப் போற பிரிஜிட் கிணறு. அந்த இடுகாட்டுலயே எட்வர்ட் புரூஸ் கல்லறையும் இருக்கு, ஸ்காட்லாந்து ராஜா ராபர்ட் புரூஸோட தம்பி, அயர்லாந்துக்கு ராஜான்னு முடி சூட்டிக்கிட்டவர், 1318-ல இதே குன்றுகிட்ட நடந்த சண்டையில செத்துப் போனார். அங்க நின்னு பார்த்தா ஒரு பக்கம் டண்டாக் விரிகுடா, இன்னொரு பக்கம் கூலி மலைங்க, வடக்க ஸ்லீவ் கல்லியன் மலை, எல்லை தாண்டினா வட அயர்லாந்து. கீழ ஓடைக்கரையில இருக்கிறது ஷ்ரைன், அதாவது ஜெபம் பண்ற புனித இடம். அங்க கல்லுங்களுக்கு உடம்பு பேரு வச்சிருக்காங்க, தலைக்கல், கண்கல், முழங்கால் கல், இடுப்புக் கல்னு. எங்க வலியோ அந்தக் கல்லுல அந்த இடத்தை வச்சு ஜெபம் பண்ணுவாங்க. வயசானவங்க மெதுவா குனிஞ்சு முட்டியை கல்லுல இருக்கிற குழியில வைக்கிறதைப் பார்த்தா நமக்கே கை கூப்பத் தோணும், இதுக்கு விளக்கம் எதுவும் வேண்டாம்.

பக்கத்துல கில்கரி சர்ச்ல பிரிஜிட்டோட திருப்பண்டம் இருக்கு, தலை எலும்புல ஒரு சின்ன துண்டு. திருநாளை ஒட்டி ராத்திரி தீப்பந்தம் பிடிச்சுக்கிட்டு ஷ்ரைனுக்கு ஊர்வலமும் போவாங்க. நேரம் வருஷத்துக்கு வருஷம் மாறும், அந்த பங்கு சர்ச் அறிவிப்பைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. சாயங்காலம் அஞ்சேகாலுக்கெல்லாம் இருட்டிடும், தரை சேறா இருக்கும், பிள்ளைங்களுக்கு பூட்ஸ் கட்டாயம், கையில டார்ச் இருக்கட்டும். குளிர்ல சின்னதுங்க தாங்காதுன்னா ஜூலை முதல் ஞாயிறு வாங்க, அன்னைக்கு ஃபாகர்ட்ல பெரிய யாத்திரை உண்டு, 1930-கள்லேர்ந்து நடக்குது. ஆனா பிப்ரவரி பிப்ரவரிதான்.

கேள்வி: லீவு பிப்ரவரி 1-ஆம் தேதியா, இல்ல திங்கக்கிழமையா? காலண்டர்ல குழப்பமா இருக்கு.
(வாசகர், கார்க்)

பதில்: லீவு பிப்ரவரி முதல் திங்கள். 1-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தா மட்டும் அந்த வெள்ளியே லீவு. 2023-லதான் ஆரம்பிச்சாங்க, ஒரு பொம்பளை பேர்ல அயர்லாந்துல வந்த முதல் அரசு விடுமுறை இதுதான், புனித பேட்ரிக்குக்கு எத்தனையோ வருஷமா லீவு விட்டுட்டு இவங்களுக்கு இவ்வளவு தாமதமான்னு எனக்கு ஆதங்கம் உண்டு. திருநாள் மட்டும் மாறாது, 1-ஆம் தேதிதான். லீவுக்கு ஊர் சுத்துங்க, திருநாளை அன்னைக்கே கொண்டாடுங்க.

கேள்வி: பிரிஜிட் கிறிஸ்தவ புனிதையே இல்ல, பழைய காலத்து தெய்வம், சர்ச் அதை எடுத்துக்கிச்சுன்னு என் ஃபிரெண்ட் சொல்றா. உண்மையா?
(கல்லூரி மாணவி, கால்வே)

பதில்: அந்தப் பேர்ல ஒரு தெய்வம் இருந்ததுன்னு பழைய ஐரிஷ் ஏட்டுலயே இருக்கு, கவிதைக்கும் வைத்தியத்துக்கும் உலோக வேலைக்கும் உரிய தெய்வம். பிப்ரவரி 1 இம்போல்க்ங்கிற பழைய பண்டிகை, அந்தக் காலத்து ஐரிஷ் ஜனங்க கணக்குல வசந்தம் பிறக்கிற நாள், ஆடு குட்டி போட்டு பால் சுரக்கிற நேரம். இன்னொரு பக்கம், கில்டேர் துறவி கோகிட்டோசஸ் 7-ஆம் நூற்றாண்டுலயே பிரிஜிட் வாழ்க்கையை எழுதி வச்சிருக்கார். கில்டேர்ல அணையாத நெருப்பை 19 கன்னியாஸ்திரிங்க முறை வச்சு காத்தாங்க, 20-ஆவது ராத்திரி பிரிஜிட்டே வந்து பார்த்துப்பாங்கன்னு 12-ஆம் நூற்றாண்டுல வேல்ஸ் நாட்டு ஜெரால்டு எழுதியிருக்கார். அப்புறம் அணைஞ்சு போன அந்த நெருப்பை 1993-ல பிரிஜிடைன் சபை சிஸ்டர்ங்க திரும்ப ஏத்தினாங்க.

ரெண்டு கதையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கிடக்கு, பிரிச்சு எடுக்கணும்னு எனக்குத் தோணல. எனக்குப் பிடிச்சது பிறப்புக் கதை. அம்மா ஒரு அடிமைப் பெண், விடியற நேரம் பால் பாத்திரத்தோட வாசல்படி தாண்டுறா, ஒரு கால் உள்ள ஒரு கால் வெளிய, அந்த நிலையிலயே குழந்தை பிறந்துடுச்சாம். அடிமைக்குப் பிறந்த பொண்ணு பெரிய மடத்துக்கே தலைவியாகி, பாலும் வெண்ணெயும் இருக்கிறதை எல்லாம் ஏழைங்களுக்கு வாரிக் குடுத்தாங்கன்னு இத்தனை நூற்றாண்டா ஜனங்க சொல்லிட்டு இருக்காங்கல்ல, உங்க ஃபிரெண்ட்கிட்ட அதைப் பேசுங்க. ஃபாகர்ட் கிணத்துக்கிட்ட ஜெபமாலை சொல்றவங்களும் வருவாங்க, வசந்தத்தை வரவேற்கிறோம்னு பாட்டு பாடுறவங்களும் வருவாங்க, எல்லாரும் குனிஞ்சு எடுக்கிறது ஒரே தண்ணியைத்தான்.

கேள்வி: பிரிஜிட் சிலுவை வீட்டுல பண்ண முடியுமா? ஸ்கூல்ல பையன் செஞ்சது அவுந்து போச்சு.
(வாசகி, லிமெரிக்)

பதில்: பண்ணலாம். ஈர நிலத்துல வளர்ற கோரை வேணும், பச்சையா, நீளமா. கத்தியால வெட்டாம கையால பிடுங்கணும்னு வழக்கம். ஒரு கோரையை நிமிர்த்திப் பிடிங்க, இன்னொண்ணை ரெண்டா மடிச்சு அதோட நடுவுல மாட்டி வலது பக்கமா இழுங்க. இப்ப மொத்தத்தையும் இடப்பக்கமா கால்வாசி சுத்து திருப்பிட்டு, அடுத்ததை மடிச்சு முன்னாடி வச்ச கோரை மேல மாட்டி மறுபடி வலதுக்கு இழுங்க. இப்படியே திருப்பி மாட்டி, திருப்பி மாட்டி போனா நடுவுல சதுரம் தானா எழும்பும். அவுந்து போறது எதனாலன்னா இழுக்கும்போது நடுவை விட்டுடுறதுதான், இடது கை கட்டைவிரல் சதுரத்தை விட்டு எடுக்கவே கூடாது. கடைசியில சிலுவையோட நாலு கையையும் நூலால இறுக்கிக் கட்டி நுனியை சமமா நறுக்கிடுங்க.

இதை ஜனவரி 31 ராத்திரிதான் செய்வாங்க. வடக்குப் பக்கம் அல்ஸ்டர்ல ஒருத்தர் கோரைக் கட்டோட வெளிய நின்னு கதவைத் தட்டி, மண்டி போடுங்க, கண்ணைத் திறங்க, பிரிஜிட்டை உள்ள விடுங்கம்பாங்க, உள்ள இருக்கிறவங்க வா வான்னு வரவேற்பாங்க, அப்புறம் வெண்ணெய் போட்டு மசிச்ச உருளைக்கிழங்கு சாப்பிட்டுட்டு எல்லாரும் உக்காந்து முடைவாங்க. பையனை வெளிய நிக்க வைங்க, ரொம்ப சந்தோஷப்படுவான். செஞ்சதை வாசலுக்கு மேல மாட்டுங்க, தீ அண்டாதுன்னு நம்பிக்கை.

கேள்வி: ஃபாகர்ட்ல மரத்துல துணி கட்டுறாங்களே, வேற மதக்காரங்க நாங்களும் கட்டலாமா?
(வாசகர், டண்டாக்)

பதில்: தாராளமா, யாரும் தடுக்க மாட்டாங்க. துணியை கிணத்துத் தண்ணியில நனைச்சு வலிக்கிற இடத்துல ஒத்திட்டு கட்டுவாங்க, துணி மக்க மக்க நோயும் போகும்னு நம்பிக்கை. அதனால பருத்தித் துணி மட்டும் கட்டுங்க. பிளாஸ்டிக் ரிப்பன், நைலான் கயிறு, பாலிதீன் கவர் இதெல்லாம் மக்காது, கிளையை இறுக்கி மரத்தையே கொன்னுடும், இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். அடுத்தவங்க கட்டினதை அவுக்காதீங்க, அது யாரோ ஒருத்தரோட வேண்டுதல். வீட்டுக்கும் ஒரு வழி இருக்கு: 31 ராத்திரி ஒரு துண்டுத் துணியை வெளிய ஜன்னல்கிட்ட போட்டு வைங்க, அன்னைக்கு ராத்திரி பிரிஜிட் தொட்டுட்டுப் போவாங்கன்னு சொல்றது, காலையில எடுத்து மடிச்சு வச்சா வருஷம் முழுக்க தலைவலிக்குக் கட்டிக்கலாம். காத்து பலமா அடிக்கிற ஊரு, மேல ஒரு கல்லை வச்சுடுங்க.